அலையடங்கு துறை
(போர்ட் பிளேர்த் துறைமுகத்தின் நிலமும் வரலாறும்)

சென்னையிலிருந்து கப்பலேறி இத்தீவுக்கு முதன்முறை வந்த நாள் நம்மில் மூத்தோர்க்கு மறந்திராது. கரை மறைந்தபின் மூன்று நாள்; நாற்புறமும் நீரன்றி வேறில்லை. வங்கக் கடலின் உருட்டலில் உண்டதும் தங்காது, உறக்கமும் கூடாது. மூன்றாம் நாள் விடியலில் எவரோ ஒருவர் ‘மலை தெரிகிறது’ என்று குரல் கொடுப்பார். கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மாரும், தகரப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த இளைஞரும் மேல்தளத்துக்கு விரைவர். கப்பல் தீவைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் புறம் வரும். பின்னர் ஒரு சிறு தீவைக் கடந்து உட்புகும். உட்புகுந்த கணத்திலேயே அதுவரை ஆடிய ஆட்டமெல்லாம் நின்றுவிடும். தொட்டிலிற் கிடந்த பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டாற்போன்ற அமைதி. அதனை உடல் முதலில் உணரும். அறிவு பின்னரே உணரும்.

அந்த அமைதி எங்கிருந்து வந்தது? அதனை யார் கண்டனர்? கண்டபின் அதனை என்ன செய்தனர்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் வரலாற்றுப் பேராசிரியர் அல்லோம். கோப்புகளிடையே நாளைக் கழிக்கும் அலுவலகத்தார். ஆயினும் நாள்தோறும் அலுவலகச் சாளரத்தின் வழியே காணும் நீர்ப்பரப்பின் வரலாற்றை அறியாதிருத்தல் முறையன்று எனத் தோன்றியமையின் இம்முயற்சியில் இறங்கினோம்.

இயற்கை அமைத்த துறை

துறைமுகங்களை இயற்கைத் துறைமுகம், செயற்கைத் துறைமுகம் என இருவகைப்படுத்துவர். நாம் விட்டுவந்த சென்னைத் துறைமுகம் செயற்கைத் துறைமுகத்துக்கு ஏற்ற சான்று. அங்கே கடற்கரை நேர்கோடு போல் நீண்டு கிடக்கிறது. அலையைத் தடுக்க முனையும் இல்லை, தீவும் இல்லை. முற்காலத்தில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளில் மக்களும் சரக்கும் அலைமீதேறிக் கரை சேர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதாங்கு சுவர்களை எழுப்பினர். 1881ஆம் ஆண்டில் வந்த புயல் அச்சுவர்களையும் சிதைத்தது. மீண்டும் கட்டினர். மனிதன் கடலோடு மல்லுக்கு நின்று பெற்ற துறை அது.

போர்ட் பிளேரோ மல்லுக்கு நில்லாமலே கிடைத்த துறை. அந்தமான் தீவுகள் என்பவை கடலில் மிதக்கும் மண்திட்டுகள் அல்ல. பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் தெற்கு நோக்கிக் கடலுக்குள் இறங்கி, நீருக்கடியிலேயே நெடுந்தொலைவு சென்று, சுமத்ரா வரை தொடர்கிறது. அம்மலைத்தொடரின் உச்சிகளே கடல்மட்டத்துக்கு மேலே தலைநீட்டித் தீவுகளாய் நிற்கின்றன. ஆதலின் இங்குள்ள மேடு பள்ளங்களெல்லாம் மலைநாட்டு மேடு பள்ளங்களே. நிலம் தாழ்ந்தபோது மலைகளுக்கிடையே இருந்த பள்ளத்தாக்குகளுக்குள் கடல் ஏறிப் பாய்ந்தது. அவ்வாறு கடல் ஏறிய பள்ளத்தாக்குகளுள் ஒன்றே நம் துறைமுகம். ஆழமும், வளைந்து நெளியும் கரையும், கரையையொட்டியே எழும் குன்றுகளும் இதனாற்றான் வாய்த்தன.

தென் அந்தமான் தீவின் கிழக்குக் கரையில், ஏறத்தாழ வடக்கு 11 பாகை 40 கலையில் இத்துறை அமைந்துள்ளது. வாயில் வடகிழக்கு நோக்கியது. உள்ளே நீர்ப்பரப்பு மேற்கும் தென்மேற்குமாகப் பல கிலோமீட்டர் தொலைவு நிலத்துக்குள் நுழைந்து செல்கிறது. வடகரையில் 365 மீட்டர் அளவுக்கு உயர்ந்த மலை. தென்கரையில் அபர்தீன், பீனிக்ஸ் பே, ஹாடோ முதலிய பகுதிகளைத் தாங்கும் சிறு குன்றுகள். வாயிலின் குறுக்கே, வீட்டு வாசலில் திண்ணை போல், ராஸ் தீவு. உள்ளே சாத்தம் தீவு. அதற்கும் உள்ளே வைப்பர் தீவு.

காற்றின் போக்கை நினைத்துப் பார்த்தால் இவ்வமைப்பின் அருமை புலப்படும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அதன் முழு வேகத்தையும் தீவின் மேற்குக் கரையும் இடைப்பட்ட காடடர்ந்த மலைகளும் ஏற்றுக்கொள்கின்றன. துறையோ மலைக்குக் கிழக்கே ஒதுங்கியுள்ளது. அக்டோபருக்குப் பின் வடகிழக்குக் காற்று திரும்பும்போது வாயில் அக்காற்றை எதிர்நோக்குகிறது. அவ்வேளை ராஸ் தீவு முன்னின்று அலையை உடைக்கிறது. இரு பருவத்துக்கும் இரு காவல்! மீகாமன் ஒருவன் வரைந்து தரக் கேட்டிருந்தாலும் இதனினும் சிறந்த வரைபடம் கேட்டிருக்க மாட்டான்.

ஒரு குறையும் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இவ்வூரில் பெரிய ஆறு எதுவும் இல்லை. பெய்த மழை சரிவுகளில் ஓடி உடனே கடலில் கலந்துவிடும். ஆகவே மாசி, பங்குனியில் குடிநீர்க்குத் தட்டுப்பாடு. தனிக்காரி அணை கட்டிய பின்னும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயில் நீர் வரும் கோடைகளை நம் இல்லத்தரசியர் நன்கறிவர். இக்குறையை மனத்திற் கொள்க. வரலாற்றிலும் அது தன் வேலையைக் காட்டியது.

சோழரும் சான்றும்

தமிழர் கூடும் மேடைகளில் அந்தமானைப் பற்றிப் பேசுவோர் சோழரின் கடற்படையிலிருந்து தொடங்குவது வழக்கம். முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடல்கடந்து ஸ்ரீவிசயத்தின்மேற் படையெடுத்தமை வரலாறு. தஞ்சைக் கல்வெட்டில் அவன் வென்ற இடங்களுள் மாநக்கவாரமும் ஒன்றாகக் குறிக்கப்பெற்றுள்ளது. அது நிக்கோபார்த் தீவு என்பர் அறிஞர். இதில் நாம் பெருமிதம் கொள்வது இயல்பே.

ஆனால் நிக்கோபார் வேறு, நம் துறைமுகம் வேறு. இரண்டிற்கும் இடையே பத்துப் பாகைக் கால்வாய் என்னும் அகன்ற கடல் உள்ளது. சோழர் கலங்கள் இத்துறையில் நங்கூரம் பாய்ச்சின என்பதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. வாணிகக் கலங்கள் அந்தமானைக் கண்டஞ்சி ஒதுங்கிச் சென்றன என்பதே பழைய பயணிகளின் குறிப்புகளால் நாம் உணர்வது. ஆசையைச் சான்றாகக் கொள்ளலாகாது. கோப்பில் இல்லாததைக் குறிப்பில் எழுதக்கூடாது என்று அலுவலகத்தில் நமக்குக் கற்பித்த முறை வரலாற்றுக்கும் பொருந்தும். நம் முன்னோர் பெருமைக்கு மாநக்கவாரம் போதும். இத்துறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டுவதில்லை.

முதற் குடியேற்றமும் பின்வாங்கலும்

இத்துறையின் எழுதப்பட்ட வரலாறு 1788ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்க் கடற்படையைச் சேர்ந்த லெப்டினன்ட் ஆர்ச்சிபால்டு பிளேர் என்பவர் தீவுகளை அளந்து படம் வரைய அனுப்பப்பட்டார். கடற்கொள்ளையரை அடக்கவும், உடைந்த கப்பல்களிலிருந்து தப்பியோர்க்குப் புகலிடம் அமைக்கவும், போர்க்காலத்தில் கப்பற்படை தங்கவும் ஓரிடம் வேண்டும் என்பது கம்பெனியின் எண்ணம். பிளேர் கரையோரமாகச் சுற்றிவந்து இத்துறையைக் கண்டார். 1789ஆம் ஆண்டில் சாத்தம் தீவிற் குடியேற்றம் அமைத்தார். அவரோடு வந்த வைப்பர் என்னும் கப்பலின் பெயரே வைப்பர் தீவுக்கு நிலைத்தது.

அக்காலத்தில் இதற்குப் போர்ட் கார்ன்வாலிஸ் என்று பெயர். குடியேற்றம் நன்கு வேரூன்றி வந்தது. ஆயினும் வட அந்தமானில் இதனினும் பெரிய துறை இருக்கிறது என்று கருதி, 1792ஆம் ஆண்டில் எல்லாரையும் அங்கே மாற்றினர். பெயரையும் உடன் எடுத்துச் சென்றனர். புதிய இடம் நோய்க்காடாக இருந்தது. காய்ச்சலில் மக்கள் மடிந்தனர். 1796ஆம் ஆண்டில் கம்பெனி தீவுகளையே கைவிட்டுச் சென்றது. நன்றாயிருந்ததை விட்டுப் பெரிதென்று எண்ணியதை நாடி இரண்டையும் இழந்த கதை இது. அதன்பின் அறுபது ஆண்டுக் காலம் காடு மீண்டும் சாத்தத்தை மூடிக்கொண்டது.

சிறையான துறை

1857ஆம் ஆண்டு எழுச்சி துறையின் தலையெழுத்தை மாற்றியது. பிடிபட்ட ஆயிரக்கணக்கான வீரர்களை எங்கே அடைப்பது என்று ஆட்சியினர் திகைத்தனர். மூவத் என்னும் மருத்துவரின் தலைமையில் ஒரு குழு அவ்வாண்டின் இறுதியில் தீவுகளைச் சுற்றிப் பார்த்துப் பிளேர் கண்ட பழைய துறையே தகுந்தது என அறிக்கை தந்தது. அவர் பெயரையே துறைக்கு இடவும் பரிந்துரைத்தது. 1858ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் வாக்கர் என்னும் மருத்துவ அதிகாரி 200 கைதிகளோடு கரையிறங்கினார்.

இங்கே ஒரு கொடிய முரண்பாட்டைக் காண்கிறோம். கப்பலுக்கு எவை நலமோ அவையே கைதிக்குத் தளையாயின. நாற்புறமும் கடல், பின்னே கடத்தற்கரிய காடு, ஆழ்ந்த நீர், ஆதலின் படைக்கலங்கள் எக்காலமும் வந்து நிற்கலாம், உள்ளே சிறு தீவுகள், ஆதலின் கைதிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்கலாம். புயலைத் தடுக்க இயற்கை அமைத்த வாயிலை மனிதரைத் தடுக்கும் கதவாக்கினர்.

முதலில் சாத்தத்திலேயே குடியேறினர். அங்கே நீர் போதாமையால் தலைமையிடத்தை ராசுக்கு மாற்றினர். முன்னர்க் குறித்த நீர்க்குறை இங்கே வரலாற்றில் நுழைகிறது. ராசில் மாளிகை, தேவாலயம், அலுவலகம், நடன அரங்கு எனப் பலவும் எழுந்தன. அவற்றை எழுப்பியோர் காலில் விலங்கு பூண்டோர். முதற் சில திங்களிலேயே தப்பியோட முயன்று பிடிபட்ட கைதிகளுள் 80க்கும் மேற்பட்டோரை வாக்கர் தூக்கிலிட்டார். தப்பியோடியவர்க்கு எதிரே காடும் கடலுமன்றி வேறில்லை. பர்மாவுக்கு நடந்தே போய்விடலாம் என நம்பிக் காட்டுக்குள் புகுந்தோர் உண்டு. தாம் நிற்பது தீவு என்பதைக்கூட அறியாத உழவர் மக்கள்!

மண்ணின் மக்கள்

காடு மனிதரற்ற காடன்று. இத்துறையின் இருகரையிலும் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்தவர் அக்கா-பியா என்னும் குடியினர். பேரந்தமானியர் எனப்படும் பத்துக் குடிகளுள் ஒரு குடியினர். இங்கே மீன் பிடித்தவரும், ஆமை வேட்டையாடியவரும், பன்றி துரத்தியவரும் அவரே. துறையின் ஒவ்வொரு முனைக்கும் வளைவுக்கும் அவர் மொழியில் பெயர் இருந்தது.

காடு அழிக்கப்படுவதைக் கண்டு அவர் வில்லேந்தினர். 1859ஆம் ஆண்டு மே திங்களில் அபர்தீனில் பெரும் போர் நிகழ்ந்தது. தூத்நாத் திவாரி என்னும் கைதி முன்னர்த் தப்பியோடி, அவர்களிடம் அடைக்கலம் புகுந்து, அவர்களுள் ஒருவராய் ஓராண்டுக் காலம் வாழ்ந்தவர். அவரே ஓடிவந்து ஆங்கிலேயரிடம் முன்னறிவிப்புத் தந்தார். கப்பற் பீரங்கிக்கு முன் வில் தோற்றது. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. 1860இல் விடுதலையாகி ஊர் திரும்பினார். அடைக்கலம் தந்தவர்க்கு என்ன கிடைத்தது என்பதே கேள்வி. விடுதலைக்கு ஏங்கிய கைதியை நாம் எளிதில் இகழ இயலாது. ஆயினும் அவரது விடுதலையின் விலையை வேறொருவர் தந்தனர் என்பதை மறக்கவும் இயலாது.

வில்லால் வீழாதோர் நோயால் வீழ்ந்தனர். அந்தமான் இல்லங்கள் என்ற பெயரில் அவர்களை ஓரிடத்திற் சேர்த்து வைத்தமையும் நோய் பரவ வழியாயிற்று. 1877ஆம் ஆண்டில் வந்த தட்டம்மை பலரைக் கொண்டு சென்றது. தொடக்கத்தில் பேரந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் 625 பேர். 1931இல் 90 பேர். 1961இல் 19 பேர். எண்களைக் கூட்டியும் கழித்தும் வாழும் எழுத்தர்களாகிய நமக்கு இம்மூன்று எண்களின் பொருள் விளங்காமற் போகாது. எஞ்சிய சிலரின் வழியினர் இன்று ஸ்டிரெய்ட் தீவில் வாழ்கின்றனர். அக்கா-பியா மொழியைப் பேசுவோர் இன்று எவரும் இலர்.

இ. எச். மான் என்னும் அதிகாரி அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் அம்மொழிச் சொற்களைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். அவர் தொகுத்த அகராதி 1923இல் நூலாக வெளிவந்தது. மொழி அழிந்தது, அகராதி இருக்கிறது. அவர் பணியாற்றிய ஆட்சியே அம்மக்களின் அழிவுக்குக் காரணம் என்பது உண்மை. அவர் எழுதிவைத்திராவிடில் அச்சொற்களில் ஒன்றும் நமக்குக் கிட்டியிராது என்பதும் உண்மை.

நம்மவர் பலர் குடியிருக்கும் ஜங்லிகாட் பகுதியின் பெயரை எண்ணிப் பாருங்கள். ‘ஜங்லி’ என்றால் காட்டான். ‘காட்’ என்றால் படித்துறை. அபர்தீன் ஸ்காட்லாந்தின் ஊர். ஹாடோவும் அந்நாட்டுப் பெயரே. ராஸ் கடலளவையாளர் ஒருவரின் பெயர். நம் முகவரிகளில் மண்ணின் மக்களை நினைவூட்டும் பெயர் என்று தேடினால் இந்த ஒரு வசைச்சொல்லே அகப்படுகிறது.

வைப்பரும் சிற்றறைச் சிறையும்

1872ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் இந்தியாவின் ஆளுநர் தலைவர் மேயோ பிரபு இங்கே வந்திருந்தார். வடகரை மலைமீதேறிக் கதிரவன் மறைவதைக் கண்டு களித்து, இருட்டியபின் ஹோப்டவுன் படகுத்துறைக்கு இறங்கினார். அங்கே ஷேர் அலி என்னும் பட்டாணியக் கைதி அவரைக் கத்தியாற் குத்திக் கொன்றார். ஷேர் அலி மார்ச்சுத் திங்களில் வைப்பர் தீவில் தூக்கிலிடப்பெற்றார். இன்று வைப்பரின் மேட்டில் நிற்கும் சிவந்த கட்டடத்தைப் படகில் செல்லும் எவரும் காணலாம்.

1896 முதல் 1906 வரை பத்தாண்டுக் காலம் அபர்தீன் முனையில் சிற்றறைச் சிறை எழுந்தது. நடுக்கோபுரம் ஒன்று, அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் ஏழு சிறகுகள், மூன்று அடுக்கு, ஏறத்தாழ 700 அறைகள், அறைக்கு ஒருவர். ஓர் அறையின் வாயில் அடுத்த சிறகின் பின்புறத்தையே நோக்கும். ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணலாகாது. செக்கிழுத்தும் தேங்காய் நாருரித்தும் விடுதலை வீரர் பலர் இங்கே உடல் தேய்ந்தனர். 1933இலும் 1937இலும் உண்ணாநோன்பிருந்து போராடினர். அதன் பயனாய் 1938க்குள் அரசியற் கைதிகள் தாய்நிலம் திரும்பினர்.

செக்கென்றவுடன் நமக்கு வ. உ. சிதம்பரனார் நினைவு எழாதிராது. 1908ஆம் ஆண்டில் அவர்க்கு விதிக்கப்பட்டதும் நாடுகடத்தும் தண்டனையே. ஆயினும் அவர் இத்துறைக்குக் கொண்டுவரப்படவில்லை. கோவையிலும் கண்ணனூரிலுமே சிறையிருந்தார். தூத்துக்குடியிலிருந்து சுதேசிக் கப்பல் விட்டவர் இக்கடலைக் கைதியாய்க் கடக்கவில்லை. அவர் இங்கிருந்தார் என்று சிலர் பிள்ளைகளிடம் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது பிழை என்பதை இங்கே குறித்தல் நம் கடமை.

போரும் பஞ்சமும்

1941ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் தீவைக் குலுக்கியது. ராசில் கட்டடங்கள் பல சேதமுற்றன. அடுத்த ஆண்டு, 1942 மார்ச்சு 23ஆம் நாள், சப்பானியர் எதிர்ப்பின்றி வந்திறங்கினர். கப்பற்படைக்கு ஏற்ற துறை யாருக்கு வேண்டுமோ அவர்க்கெல்லாம் வேண்டிய துறைதானே!

1943ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் நேதாசி சுபாசு சந்திரபோசு இங்கே மூவண்ணக் கொடியேற்றினார். தீவுகளுக்குச் சாகீத் என்றும் சுவராசு என்றும் பெயரிட்டார். ஆயினும் ஆட்சி சப்பானியர் கையிலேயே இருந்தது. ஒற்றர் என ஐயுற்றுப் பலரைச் சித்திரவதை செய்தனர். 1944 சனவரி 30ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றனர். கப்பல்கள் வாராதொழிந்தமையின் உணவு அற்றது. மக்கள் கிழங்கு தின்று உயிர் காத்தனர். போரின் இறுதியில் உதவாதோர் எனக் கருதிய நூற்றுக்கணக்கானோரைப் படகேற்றிக் கொண்டுபோய்க் கடலில் தள்ளினர். 1945 அக்டோபரில் சப்பானியர் சரணடைந்தனர்; அவ்வாண்டே கைதிக் குடியேற்றமும் ஒழிந்தது. ராஸ் மீண்டும் தலைமையிடமாகவில்லை. நடன அரங்கின் சுவரை இன்று ஆலமரத்தின் வேர் தழுவி நிற்கிறது.

நம் வருகை

விடுதலைக்குப்பின் இத்துறை வந்தாரை வாழவைக்கும் துறையாயிற்று. 1949 முதல் கிழக்கு வங்கத்து ஏதிலியர் வந்தனர். அதற்கு முன்னரே கைதிகளின் வழிவந்தோரும், மாப்பிள்ளைமாரும், பர்மாக் கரேனியரும், ராஞ்சித் தொழிலாளரும் இங்கே வேரூன்றியிருந்தனர். தமிழர் வந்தது பெரும்பாலும் கட்டட வேலைக்கும், வாணிகத்துக்கும், மீன்பிடிக்கும், அரசு அலுவலுக்கும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டங்களில் அமர்த்தப்பெற்றன.

அக்காலத்து வாழ்வு கப்பலையே சுற்றிச் சுழன்றது. கப்பல் வந்தால் கடிதம் வந்தது, வெங்காயம் வந்தது, வாரக்கணக்கில் பழகிப்போன நாளிதழ் கட்டாக வந்தது. ஹாடோத் துறையில் ஊதொலி கேட்டால் அலுவலகத்தில் எழுதுகோல் ஒருகணம் நிற்கும். தாயின் இறப்புச் செய்தி தந்தியில் வந்தும் அடுத்த கப்பலுக்குப் பத்து நாள் காத்திருந்தோர் நம்மிடையே இருந்தனர். அவர்கள் மாலையில் படகுத்துறைக்கு வந்து கடலை நோக்கி நின்றதைச் சிறுவராய் நாம் கண்டோம். அதன் பொருள் அன்று விளங்கவில்லை. விமானம் வந்தபின் அந்நிலை மாறிற்று.

தாய்மண்ணை விட்டு வந்தோர் இங்கே முருகனுக்குக் கோயில் எடுத்தனர். வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று எடுக்கும் காவடிகளைப் பிறமொழியாளரும் கண்டு வணங்குகின்றனர். தமிழ்வழியிற் படிக்கவும் இங்கே வாய்ப்புண்டு. நம் பிள்ளைகள் தெருவில் பேசுவதோ இந்தி. அதுவும் கைதிகள் தமக்குள் பேசிக்கொள்ளத் தேடிக்கொண்ட பொதுமொழியின் வழித்தோன்றலே. பல நாட்டுத் துயரமும் ஒன்றாய்க் கலந்து பிறந்த அம்மொழியையும் நாம் இகழ வேண்டா.

நிலம் தாழ்ந்த நாள்

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாளை எவர் மறப்பர்? பள்ளத்தாக்கைக் கடலுக்குள் தாழ்த்தித் துறையாக்கிய அதே நிலத்தடி ஆற்றல் அன்று நம் கண்முன்னே மீண்டும் இயங்கியது. போர்ட் பிளேர்ப் பகுதி நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் உவர்நீர் ஏறி நிலைத்துவிட்டது. வாயிலிற் கிடந்த ராஸ் தீவு அலையின் வேகத்தைத் தாங்கி அபர்தீனைக் காத்தது என்று ஊரார் நன்றியோடு கூறுவர். நிக்கோபாரிலோ காக்க எவருமில்லை. கச்சாலில் மாண்டோர் பலர். இயற்கை தந்த துறை என்று நாம் பாராட்டுவது இயற்கையின் பெருங்குலுக்கலில் பிறந்த பிள்ளையே என்பதை அன்று உணர்ந்தோம்.

பெயர்களும் நாமும்

அண்மைக் காலத்தில் பெயர்கள் மாறின. 2018இல் ராஸ் தீவு நேதாசியின் பெயரைப் பெற்றது. வடகரை மலை ஓர் அதிகாரியின் மனைவி ஹாரியட் பெயரால் வழங்கியது. 1891ஆம் ஆண்டுப் போருக்குப்பின் இங்கே நாடுகடத்தப்பட்ட மணிப்பூரியரின் நினைவாக 2021இல் மணிப்பூர் மலையாயிற்று. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரமாயிற்று. அந்நியர் இட்ட பெயர் போவதில் நமக்கு வருத்தமில்லை. ஆயினும் பிளேருக்கும் முன்னே இத்துறைக்கு இருந்த பெயர்களை எவரும் திரும்ப அழைக்கவில்லை. அழைக்க அம்மொழி பேசும் நாவும் இல்லை.

மைய அரசு ஊழியர் ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அவ்வேளை ஒவ்வொரு வீட்டிலும் எழும் வினா ஒன்றுண்டு: இனி எங்கே? பெற்றோர் மதுரைப் பக்கமோ நெல்லைப் பக்கமோ காட்டுவர். பிள்ளைகள் வாய்திறவாது கடலைப் பார்ப்பர். இங்கே பிறந்த அவர்க்கு ஊர் என்பது இத்துறையே. அவர்களை ‘நீங்கள் இவ்வூரார் அல்லீர்’ என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ‘இவ்வூர் உங்களுடையதே’ என்று மட்டும் சொல்லி விட்டுவிடவும் ஆகாது.

நாம் சொல்லத்தக்கது இதுதான்: இத்துறையில் அலை அடங்கியிருக்கிறது, துயரம் அடங்கியதில்லை. வில்லேந்தி வீழ்ந்தவர், விலங்கோடு வந்தவர், பசியால் மாண்டவர் ஆகியோர்க்குப் பின்னரே நாம் தகரப் பெட்டியோடு வந்தோம். வந்தவர் வீட்டின் வரலாற்றைக் கேட்டறிந்து குடிபுகுதல் பண்பு. அடுத்த ஞாயிறன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அபர்தீன் படகுத்துறைக்குச் செல்லுங்கள். அங்கே 1859ஆம் ஆண்டுப் போரின் நினைவாக ஒரு தூண் எழுப்பியுள்ளனர். அதன் முன் சற்றே நின்று, இன்னார்க்காக இது என்று சொல்லுங்கள். பின்னர் திரும்பி நின்று நீரைக் காட்டுங்கள். இது எப்படித் துறையாயிற்று என்று அவர்கள் கேட்பார்கள். சொல்ல நமக்கு இனி ஒரு கதை உண்டு.